உங்கள் சம்பளக் கணக்கை யாருடைய வக்கீல் பார்க்கிறார்?

மதுரையில் விடிவதற்கு முன்பே மாசி வீதிகளைக் கூட்டி முடிக்கிறவர்கள், வீடு வீடாகக் குப்பை வாங்கி வெள்ளக்கல் கிடங்குக்கு ஏற்றி அனுப்புகிறவர்கள், சாக்கடை அடைப்பு எடுக்கிறவர்கள், இவர்களில் யாரைக் கேட்டாலும் "மாநகராட்சியில வேலை பார்க்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் பலருக்குச் சம்பளம் வருவது ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து. சம்பளம் குறைந்தால் சூப்பர்வைசரைக் கேட்பார்கள், அவர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனி "மாநகராட்சியில பில் பாஸ் ஆகல" என்று சொல்லும், மாநகராட்சி அலுவலகத்தில் "நீங்க எங்க ஆளே இல்லையே" என்பார்கள். இந்த இழுபறிக்கு நடுவில் யாராவது ஒருவர் கொஞ்சம் அழுத்தமாக "சட்டப்படி உங்களுக்கு இவ்வளவுதான்மா" என்று சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. அப்படிச் சொன்னவர் யார், அவருக்குப் பணம் கொடுப்பது யார் என்று திருப்பிக் கேட்கிறவர்கள் குறைவு. நான் சொல்ல வருவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

உள்ளாட்சி வேலையில் நியாயமான சம்பளம் எவ்வளவு என்பது ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட விஷயம். யாருடைய இரக்கத்தையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் எழுதி வைத்ததை உங்களுக்குப் படித்துச் சொல்பவர் உங்கள் பக்கம் நிற்பவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவரிடம் கேட்பதைத்தான் சார்பற்ற சட்ட ஆலோசனை என்கிறார்கள். சம்பளத்திலிருந்து ஆரம்பிப்போம்.

எது நியாயமான சம்பளம்?

அடிமட்டத்தில் இருப்பது குறைந்தபட்ச ஊதியம். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பல பத்தாண்டுகள் இதற்கு அடிப்படையாக இருந்தது. இப்போது அந்த இடத்துக்கு 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய காலத்துப் பிரச்சினைகளைப் பழைய சட்டத்தின் பெயரிலேயே பேசுவார்கள் என்பதால் இரண்டு பெயர்களும் உங்கள் காதில் விழும், குழம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் உள்ளாட்சி வேலைகளுக்கென்று தனியாகக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்து 2017இல் ஓர் அரசாணை வந்தது. தூய்மைப் பணியாளர்களின் போராட்டங்களில் "அரசாணை 62ஐ அமல்படுத்து" என்று தட்டியில் எழுதியிருப்பார்களே, அது இதைத்தான் சொல்கிறது. அடிப்படை ஊதியத்தோடு அகவிலைப்படி என்று ஒன்று உண்டு. விலைவாசிப் புள்ளியைப் பார்த்து ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் அது மாறும். அதனால் போன வருடத்துத் தொகையையே இந்த வருடமும் கொடுத்தால், ஒரு பைசாவும் குறைக்காமல் கொடுத்தாலும் அது குறைந்த சம்பளம்தான்.

"நான்தான் இந்தத் தொகைக்கு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேனே" என்று பலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தயக்கம் தேவையில்லை. சட்டப்படி சேர வேண்டிய கூலியை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. பழைய சட்டமும் அதைத்தான் சொன்னது, புதிய சட்டமும் அதையே சொல்கிறது. 1982இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் வேலை செய்த தொழிலாளர்கள் பற்றிய வழக்கு அது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்திருக்கிற கட்டாய உழைப்பு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. வயிற்றுப்பாட்டுக்காக வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்வதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் அதன் சாரம். பிறகு 2016இல் ஜக்ஜித் சிங் வழக்கில், நிரந்தரப் பணியாளர் செய்கிற அதே வேலையை அதே பொறுப்போடு செய்கிற தற்காலிகப் பணியாளருக்கும் அந்தப் பணியின் ஆரம்பநிலைச் சம்பளம் கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவில் கான்ட்ராக்டர் இருக்கும்போது இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் வக்கீல்கள் மோதுவார்கள். அந்த மோதலில் உங்கள் தரப்பை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமா இல்லையா?

கான்ட்ராக்டர் கொடுக்கவில்லை என்றால் யார் கொடுப்பது? இதற்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டாலோ குறைத்துத் தந்தாலோ, வேலை வாங்கும் முதன்மை நிறுவனம், நம் விஷயத்தில் மாநகராட்சி, அந்தப் பணத்தைத் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. அதன் இடத்துக்கு வந்திருக்கிற புதிய தொகுப்புச் சட்டங்களிலும் இந்தப் பொறுப்பு இருக்கிறது. மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்தாக வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய பிறகு வைகைக் கரையையும் சுற்றியுள்ள தெருக்களையும் சுத்தம் பண்ண ராத்திரி பகலாக நிற்க வைக்கிறார்களே, வழக்கமான நேரத்துக்கு மேல் பார்க்கிற அந்த வேலைக்குச் சாதாரணக் கூலியைப் போல் இரண்டு மடங்கு தர வேண்டும். ஒரு பொட்டலம் சாப்பாடும் ஒரு துண்டும் அதற்கு ஈடாகாது.

சம்பளச் சீட்டை ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள்

புதிதாகத் தெரிந்துகொள்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது சம்பளச் சீட்டைத்தான். அதைக் கொடுப்பது வேலை தருகிறவரின் கடமை, கேட்டு வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. ஒரு கணக்கு சொல்கிறேன், எடுத்துக்காட்டுக்காகத்தான். மாதம் 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிக்கான பிடித்தத்தில் தொழிலாளியின் பங்கு 12 சதவீதம், அதாவது 1,680. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பங்கு 0.75 சதவீதம், அதாவது 105. இரண்டையும் கழித்தால் கைக்கு 12,215 வர வேண்டும். வேலை தருகிறவரும் தன் பையிலிருந்து பி.எஃபுக்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐக்கு 3.25 சதவீதம் போட வேண்டும், அது 2,135 ரூபாய். இந்த 2,135ஐயும் சேர்த்துத் தொழிலாளி சம்பளத்திலேயே பிடித்துவிட்டால் கைக்கு வருவது 10,080 ஆகிவிடும். சீட்டில் "பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம்" என்று ஒரே வரியில் மொத்தமாக எழுதியிருந்தால் பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. வருடத்துக்கு 25,620 ரூபாய் இப்படிப் போகும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்குகிற வீடுகளில் இது எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனத்தின் பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் பிடிப்பதைச் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது.

பிடித்த பணம் கணக்கில் ஏறுகிறதா என்பது இன்னொரு விஷயம். பி.எஃப். எண் இருந்தால் வீட்டிலிருக்கிற படித்த பிள்ளை போனிலேயே பாஸ்புக் எடுத்துக் காட்டிவிடும். எந்தெந்த மாதம் பணம் ஏறவில்லை என்று அதில் பளிச்சென்று தெரியும். இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் உங்கள் எண்ணைக் காட்டி வைத்தியம் பார்க்க முடிய வேண்டும். "உங்க பேர்ல பணம் கட்டல" என்று அங்கே சொன்னால் பிடித்த காசு வேறெங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

மாநகராட்சி ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கான்ட்ராக்டருக்குக் கொடுக்கிறது? இதுவும் ரகசியம் கிடையாது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதி, அறிஞர் அண்ணா மாளிகையில் இருக்கிற மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால், டெண்டர் ஒப்பந்தத்தின் நகலையும் பில் விவரத்தையும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மாநகராட்சி கொடுத்த தொகை, கைக்கு வந்த தொகை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே எழுதப்பட்டுவிடும்.

அந்த வக்கீல் யாருக்காகப் பேசுகிறார்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மாநகராட்சிக்கென்று வழக்கறிஞர்கள் உண்டு, ஸ்டாண்டிங் கவுன்சில் என்பார்கள். ஒத்தக்கடை பக்கம் உலகனேரியில் 2004 முதல் இயங்குகிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மாநகராட்சி மேல் ரிட் மனு (அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கேட்கும் மனு) போட்டால் எழுந்து நின்று பதில் சொல்பவர் அவர்தான். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தகவல் கொடுப்பது ஆணையர் அலுவலகம். ஒப்பந்த நிறுவனத்துக்கும் தனியாக வக்கீல் இருப்பார். இவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது இங்கே கேள்வியே இல்லை. மிக நேர்மையான மனிதராகக்கூட இருக்கலாம், உங்கள் மேல் இரக்கமும் இருக்கலாம். ஆனால் அவருடைய கட்சிக்காரர் நீங்கள் இல்லை. தன் கட்சிக்காரருக்காக அஞ்சாமல் வாதாட வேண்டும் என்று இந்திய வழக்கறிஞர் கழகத்தின் நடத்தை விதிகளே சொல்கின்றன. அப்படியிருக்க, எதிர்த்தரப்பு வக்கீல் "நானே பார்த்துக்கிறேன், இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று சொன்னால், அவர் தன் கடமையைத்தான் செய்கிறார். உங்கள் கடமை கையெழுத்துப் போடாமல் இருப்பது.

சார்பற்ற வக்கீல் என்றால் யார் பக்கமும் நிற்காதவர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நிற்க வேண்டியவர் நீதிபதி. வக்கீல் உங்கள் பக்கம் நிற்க வேண்டியவர். எதிர்த்தரப்பிடம் பணமோ, வேறு வழக்கோ, பதவியோ, தயவோ எதிர்பார்க்காதவராக இருந்தால் போதும், அதைத்தான் சார்பற்றவர் என்கிறோம். மூன்று விஷயங்களை அவரிடம் நேரடியாகவே கேட்கலாம், எந்த நல்ல வக்கீலும் கோபப்பட மாட்டார்: மாநகராட்சிக்கோ அந்தக் கம்பெனிக்கோ ஏதாவது வழக்கு நடத்துகிறீர்களா, முன்பு நடத்தினீர்களா, உங்களுக்கு ஃபீஸ் யார் கொடுக்கப் போகிறார்கள். எதிர்த்தரப்போடு தனக்குத் தொடர்பு இருந்தால் அதை வழக்கு எடுக்கும்போதே கட்சிக்காரரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விவகாரத்தில் மறுதரப்புக்காக வரக்கூடாது என்பதும் விதி. மீறினால் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில வழக்கறிஞர் கழகத்தில் புகார் கொடுக்கலாம்.

அப்புறம், உங்கள் வக்கீலிடம் நீங்கள் தனியாகச் சொன்னதை அவர் உங்கள் அனுமதி இல்லாமல் வெளியில் சொல்லக்கூடாது, இதற்குச் சாட்சியச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. கம்பெனி வக்கீலிடம் மனசுவிட்டுப் பேசினால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. "எங்கள்ல யாரெல்லாம் சங்கத்துல சேர்ந்தோம், யார் மனு எழுதினது" என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டு அடுத்த மாதம் வேலை இழந்து நிற்பவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே, யார் படித்தால் என்ன என்று தோன்றலாம். ஒரே ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஒரு நிறுவனத்தின் மையமான வேலையில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்கிறது. மையமான வேலை என்றால் அந்த நிறுவனம் எதற்காக ஏற்பட்டதோ அந்த வேலை. கூடவே ஒரு விலக்குப் பட்டியலும் இருக்கிறது, அதில் முதலாவதாக நிற்பது கூட்டுதல், சுத்தம் செய்தல், குப்பை அள்ளி அப்புறப்படுத்துதல் ஆகிய துப்புரவு வேலைகள். மாநகராட்சி வக்கீல் இந்தப் பட்டியலைக் காட்டி, "துப்புரவு மையமான வேலை இல்லை, சட்டமே சொல்லிவிட்டது" என்று முடித்துவிடலாம். உங்கள் வக்கீல் அந்தப் பட்டியலுக்கு மேலே இருக்கிற சில சொற்களையும் சேர்த்துப் படிப்பார். "அந்த நிறுவனம் அந்த வேலைக்காக ஏற்பட்டதாக இல்லாத பட்சத்தில்" என்று அங்கே இருக்கிறது. துணிக்கடையைக் கூட்டுவது துணிக்கடையின் மையமான வேலை இல்லை, சரி. மாநகராட்சி எதற்காக ஏற்பட்டது? அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளின் வேலைகள் என்று பட்டியல் இருக்கிறது. பொதுச் சுகாதாரமும் துப்புரவும் திடக்கழிவு மேலாண்மையும் அதில் இருக்கின்றன. 74ஆவது திருத்தத்தின் வழியாக 1993 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அப்படியானால் மதுரையைச் சுத்தமாக வைத்திருப்பது மாநகராட்சியின் மையமான வேலை இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

மறுதரப்புக்கும் பதில் இருக்கும். "வழக்கமாகவே கான்ட்ராக்டர் மூலம் நடக்கிற வேலை என்றால் விலக்கு உண்டு" என்று அதே சட்டத்தில் இன்னொரு வாசல் இருக்கிறது, அதன் வழியாக நுழையப் பார்ப்பார்கள். நீதிமன்றம் எந்தப் பக்கம் சாயும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே பக்கத்தில் இருக்கிற ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்க முடியும், ஒருவர் படித்ததை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் உங்களுக்காக ஒரு வாதம் இருந்ததே தெரியாமல் போய்விடும். என்னைக் கேட்டால் சார்பற்ற ஆலோசனையின் முழு மதிப்பும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதே கதிதான் "480 நாள்" விஷயத்துக்கும். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது, தொழிலாளர்கள் எல்லாருக்கும் அந்த எண் மனப்பாடம். ஆனால் கான்ட்ராக்டரின் ஆட்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஆட்களாகிவிட மாட்டார்கள் என்று 2001இல் செயில் என்ற பொதுத்துறை எஃகு நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கான்ட்ராக்ட் வெறும் கண்துடைப்பு, உண்மையில் வேலை வாங்குவதும் கண்காணிப்பதும் மாநகராட்சிதான் என்று நிரூபித்தால் நிலைமை மாறும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதனால்தான் யார் வருகைப் பதிவு எடுத்தார், யார் வேலையைப் பிரித்துக் கொடுத்தார், யார் லீவு கொடுத்தார் என்பதையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

காசில்லாமல் வக்கீலுக்கு எங்கே போவது?

"சம்பளமே குறையுதுன்னு சொல்றேன், வக்கீலுக்கு எங்க போறது?" நியாயமான கேள்வி. 1976இல் அரசமைப்புச் சட்டத்தில் 39ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஏழை என்பதால் யாருக்கும் நீதி மறுக்கப்படக்கூடாது, இலவச சட்ட உதவி தர வேண்டும் என்றார்கள். அதற்காக வந்ததுதான் 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். 1995 நவம்பர் 9 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மதுரையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இயங்குகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலை முதலான தொழில்களில் வேலை பார்க்கும் தொழிலாளர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்று காட்டாமலே கேட்கலாம். உள்ளாட்சித் தூய்மைப் பணியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வகைகளில் ஏதாவது ஒன்றில் வந்துவிடுவார்கள். எழுதத் தெரியாது என்றால் வாயால் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்கு போன் பண்ணியும் கேட்கலாம்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம், வர வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். சட்ட உதவி வக்கீலுக்கு ஃபீஸ் கொடுப்பதும் அரசாங்கம்தானே, மாநகராட்சியும் அரசாங்கம்தானே, அப்புறம் அவர் எப்படிச் சார்பற்றவர் ஆவார்? அந்த ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதி. மாநகராட்சி ஆணையருக்கோ மேயருக்கோ அங்கே அதிகாரம் எதுவும் கிடையாது. வக்கீலை நியமிப்பதும் வழக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்பதும் நீதித்துறையின் பொறுப்பில் இருக்கிறது. நியமிக்கப்பட்டவுடன் அவருடைய கட்சிக்காரர் நீங்கள்தான், வேறு யாரும் இல்லை. உங்களிடம் தனியாக ஃபீஸ் கேட்கவும் கூடாது. ஆனாலும் மேலே சொன்ன கேள்விகளை அவரிடமும் கேளுங்கள். அவர் ஏற்கெனவே மாநகராட்சிக்கு வழக்கு நடத்துகிறவர் என்றால் வேறொருவரைத் தரும்படி எழுதிக் கொடுக்கலாம். சரியாகக் கவனிக்கவில்லை என்றாலும் மாற்றக் கேட்கலாம். இந்த வக்கீல்களுக்குக் கிடைக்கிற ஃபீஸ் அவர்களுடைய உழைப்புக்குப் போதுமானது என்று நான் நினைக்கவில்லை. அடுத்தவர் கூலிக்காக வாதாடுகிறவருக்கும் நியாயமான கூலி வேண்டும், அதையும் சேர்த்துத்தான் நாம் கேட்க வேண்டும்.

பணம் கொடுப்பவருக்கும் சொல்லப்படும் ஆலோசனைக்கும் உள்ள தொடர்பு, வார்டு உறுப்பினர்கள் கூடுகிற மாமன்றத்துக்குள்ளேயும் இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் 100 வார்டுகள். மாமன்றத்தில் உட்கார்ந்திருக்கிற உறுப்பினர் ஒரு துப்புரவு டெண்டரை எதிர்த்துக் கேள்வி கேட்டால் "சட்ட ஆலோசனை வாங்கியாச்சு" என்று பதில் வரும். ஆணையர் தரப்பு கேட்ட கேள்விக்கு ஆணையர் தரப்புக்குக் கிடைத்த பதில் அது. உறுப்பினர் கேட்க நினைத்ததை அந்த வக்கீலிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஆலோசனையின் நகலை மாமன்றத்தில் வைக்கச் சொல்லிக் கேட்பதும், தொழிலாளர் சம்பளம் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களுக்கு வெளியிலிருந்து இரண்டாவது கருத்து வாங்கும்படி தீர்மானம் கொண்டுவருவதும் நல்ல பழக்கம் என்பது என் கருத்து. உறுப்பினர்களின் நிலையும் வெகுகாலம் மோசமாகத்தான் இருந்தது. கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி என்று ஏதோ கொஞ்சம், அவ்வளவுதான். 2023 ஜூலையிலிருந்துதான் மாநகராட்சி உறுப்பினர்களுக்கு மாதம் 10,000 ரூபாயும் மேயருக்கு 30,000 ரூபாயும் மதிப்பூதியம் வந்தது. மாத வருமானம் இல்லாத உறுப்பினர் வார்டுச் செலவுக்கு யாரையாவது நம்பியிருக்க வேண்டியிருக்கும், அந்த யாரோ ஒருவர் கான்ட்ராக்டராக இருந்தால் அவர் டெண்டரைப் பற்றி எப்படிக் கேள்வி கேட்பார்? ஆகவே இந்த மதிப்பூதியத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

வழக்கு போடுவதற்கு முன்னால்

குறைந்த சம்பளத்துக்கு முதலில் போக வேண்டிய இடம் உயர் நீதிமன்றம் இல்லை, தொழிலாளர் துறை. ஊதியக் கோரிக்கையை விசாரிக்க அதிகாரம் பெற்ற அலுவலர் அங்கே இருப்பார். தொழிலாளியே மனுப் போடலாம், பதிவுபெற்ற சங்கமும் போடலாம். பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று இருந்தது, அந்தக் கெடுவில் எத்தனையோ நியாயமான கோரிக்கைகள் செத்துப் போயின. புதிய சட்டத்தில் மூன்று வருடம் இருக்கிறது. பாக்கித் தொகையோடு சேர்த்து அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு போட அந்த அலுவலருக்கு அதிகாரம் உண்டு. சம்பளம் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியது வேலை தருகிறவரின் பொறுப்பு. "நீதான் நிரூபிக்கணும்" என்று யாராவது மிரட்டினால் அஞ்ச வேண்டாம்.

வேலைநீக்கம், கூலி உயர்வு போன்ற தகராறுகள் சமரசப் பேச்சுக்குப் போகும். பேச்சுவார்த்தை மேசைக்கு வக்கீல் வர முடியாது. தொழில் தகராறுச் சட்டம் அப்படித்தான் வைத்திருந்தது. சங்க நிர்வாகி உங்களுக்காகப் பேசலாம். அங்கே போய் உட்காருவதற்கு முன்பே, முடிந்தால் முந்தின நாளே, உங்கள் வக்கீலிடம் எல்லாவற்றையும் பேசிவிட்டுப் போவது நல்லது. ஏனென்றால் சமரச அலுவலர் முன்னிலையில் போடுகிற ஒப்பந்தம், 12(3) என்று சங்கத்துக்காரர்கள் சொல்வார்களே அது, அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. அந்த இடத்தில் வேலை பார்க்கிற எல்லாரையும், நாளைக்கு வந்து சேரப் போகிறவர்களையும் கட்டுப்படுத்தும். "இதற்கு முந்தைய பாக்கி எதுவும் இல்லை" என்று கடைசியில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். பல வருடத்துப் பாக்கி அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகும்.

உங்களுக்காக வாதாட வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கிற வக்காலத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதில் வக்கீல் பெயர், எதிர்த்தரப்பின் பெயர், என்ன வழக்கு என்பது மூன்றும் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும், சங்கத்துக்காரரே கேட்டாலும், கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். கையெழுத்துப் போட்ட எல்லாவற்றையும் அங்கேயே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கக்கூடாது என்று யாராவது தடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம், மறுநாள் உங்கள் வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய்ப் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.